தேங்காய்க்காகத் திருப்பி அனுப்பிய டவர்

போன் அடித்தால் ஆறுமுகநயினார் முதலில் எழுந்து நிற்பார். பிறகுதான் எடுப்பார். எடுத்ததும் ஒரு கையால் மறு காதைப் பொத்திக்கொண்டு, மேற்கே மலையைப் பார்த்தபடி நடக்கத் தொடங்குவார். எதிர்வீட்டுக் காளீஸ்வரி பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து இதைப் பார்க்கிறாள். பட்டன் போன் வைத்திருந்தபோது கிணற்றடி வரை போனார். அடுத்து வாங்கிய போனுக்கு வாசல் கேட் வரை போனால் போதும். தென்காசியிலிருந்து 5ஜி போனைப் பெருமையாக வாங்கி வந்தபின் மறுபடியும் கிணற்றடிக்கே போய்விட்டார். நாட்டின் முன்னேற்றத்தை அவள் அந்த நடையை வைத்துத்தான் அளந்துவந்தாள்.

ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அதனால் குற்றாலம் சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் போன் சம்பந்தமான எதற்கும் அவர் சொல்தான் தீர்ப்பு. கம்பெனிக்காரர்கள் தெருமுனைக் காலிமனையில் டவர் வைக்க வந்தபோது, குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் அவர்தான்.

"டவர் வந்தா தென்னையில ஒரு குரும்பை நிக்காதுலே. பிஞ்சிலயே உதிந்துரும்."

காளீஸ்வரி அப்போதுதான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தாள். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல பெரியப்பா" என்றாள்.

"ஏட்டி, ஒங்க காலேஜ்ல தென்னை மரம் உண்டுமா?"

தெருவே சிரித்தது. அவள் அப்பாவும் சிரித்தார். படித்தோமா, மனப்பாடம் செய்தோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. டவர் அடுத்த ஊருக்குப் போனது. அந்த வருடம் வெள்ளை ஈ என்ற பூச்சி விழுந்து குரும்பைகள் உதிர்ந்தன. "பாத்தியா, அடுத்த ஊர் டவருக்கே இந்தக் கதி" என்றார் ஆறுமுகநயினார்.

பல விண்ணப்பங்களுக்குப் பிறகு சென்னைக் கம்பெனி ஒன்று அவளை வீடியோ அழைப்பில் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. தென்காசியில் தோழி நஸீபா வீட்டில் சிக்னல் நன்றாக இருக்கும். அங்கே போகக் கிளம்பியவளை ஆறுமுகநயினார் வாசலிலேயே மறித்தார்.

"ஆர்மிக்காரன் வீடு இருக்க அங்கன ஏன் ஓடுதே? எம் மாடியில 5ஜி கொட்டுது. செக் பண்ணிட்டேன்."

"ஆமா, கொட்டுது" என்றாள் அவர் மனைவி குருவம்மாள் உள்ளிருந்து. "மகன் கூப்பிட்டப்ப இவிய கத்தின கத்துல காக்கா எல்லாம் செங்கோட்டைக்குப் போயிட்டு."

அவர் செக் பண்ணியது சித்திரையில். இது ஆடி, சனிக்கிழமை. அருவியில் குளிக்க வந்த கூட்டமெல்லாம் அங்கேயே நின்று வீடியோ அனுப்பி, இருக்கிற சிக்னலையும் தின்றுவிடும் நாள். காளீஸ்வரிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் போனாள். பெரியவரிடம் முடியாது என்று சொல்ல எந்தப் பாடத்திலும் அவள் படிக்கவில்லை.

சாரல் விழுந்தது. அவர் குடை பிடித்தார். மூன்று அதிகாரிகள் திரையில் தோன்றினார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பெயரைச் சொல்வதற்குள் மூவரும் உறைந்துபோனார்கள்.

"மேக்க திரும்புட்டி! இன்னும் கொஞ்சம் தூக்கு! அவ்வளவுதான், அசையாத!"

சென்னைக்காரர்கள் கடைசியாகப் பார்த்தது ஒரு பெண்ணின் மோவாயும் ஒரு கறுப்புக் குடையுமாகத்தான் இருக்கும். திரை மூலையில் 5ஜி என்ற எழுத்து மட்டும் கடைசிவரை கம்பீரமாக நின்றது. நேர்காணலில் நீங்கள் கலந்துகொள்ளாததால் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்ற மின்னஞ்சலும் மறுநாள் மதியம்தான் வந்து சேர்ந்தது.

"கம்பெனிக்காரனுவ ஏமாத்துதானுவ" என்றார் ஆறுமுகநயினார். "கவர்மெண்டும் சரியில்ல." மலை, மழை, அருவிக்கு வந்த மதுரைக்காரர்கள் என்று வரிசையாகக் குற்றம் சொன்னார். நாற்காலி போட்டு மறித்ததைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. வேலையை அவரால் திருப்பித் தர முடியாது என்பது காளீஸ்வரிக்குத் தெரியும். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி என்று, அதே தெருவில், சிரித்தவர்கள் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தாள்.

அவரோ ஐப்பசியில் சுரண்டையிலிருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். இங்கே சிக்னல் சரியில்லையாம்.

ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டார். காளீஸ்வரி எழுந்து, காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். திரையில் அவர் மாடியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி காளி, இங்கன 5ஜி பறக்குது! டவர் வீட்டுக்குப் பின்னாலயே நிக்கி, பாரு."

பார்த்தாள். டவரை ஒட்டி ஒரு தென்னை, குலை தள்ளி நின்றது.

"தென்னை நல்லா காய்ச்சிருக்கே பெரியப்பா."

அவர் திரும்பி மரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. காளீஸ்வரி போனை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். படம் உறைந்தது.

மீண்டும் அசைந்தபோது தென்னை இல்லை. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"என்னமோ சொல்ல வந்திய பெரியப்பா?"

"ஒண்ணுமில்லட்டி. ஒனக்குத்தான் அங்கன சிக்னல் இல்லியே, சொல்லி என்ன செய்ய?"