சனிக்கிழமைப் பாட்டு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாட்டுப் பதிய வேண்டுமென்றால் முதலில் மழை விட வேண்டும். வட்டவளையில் அது லேசில் நடக்காது. தகரத்தில் தூறல் விழுந்தாலே மைக்குக்குள் யாரோ கடலை வறுப்பது போலிருக்கும். மழை விட்டால் பக்கத்து வீட்டு டிவி, டிவி நின்றால் குக்கர் விசில். வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இருக்கும் இடைவெளி வழியாக ஒரு வீட்டுத் தாளிப்பும் சண்டையும் குறட்டையும் அடுத்த வீட்டுக்கு வந்துவிடும்.

பின்னறைதான் என் ஸ்டூடியோ. சுவரில் சாய்த்த மெத்தை, ஜன்னலை மூடிய கம்பளி, திறந்த அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே ஒரு மைக், பழைய லேப்டாப். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திய தொண்டையோடு சனிக்கிழமை காலை அதன் முன்னால் நிற்பேன். பெரட்டில் பெயர் பதிந்துவிட்டுச் சனங்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருப்பார்கள். கல்யாணப் பாட்டு, பிறந்தநாள் பாட்டு, சடங்குப் பாட்டு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பாடித் தருவேன். மெட்டு ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். வாழ்த்திப் பாடிப் பாடி வாழ்த்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

எனக்கென்று நான் எழுதி மெட்டமைத்தது ஒரே ஒரு பாட்டு. அதை ஒரு தடவையாவது முழுதாகப் பாடிப் பதிந்துவிட வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மழை, இன்னொரு சனிக்கிழமை கரண்ட் இல்லை, இரண்டும் சரியாக இருந்த நாளில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் கதைதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருந்தார். சொந்தமில்லை, சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். தேயிலை ஃபாக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் காலமெல்லாம் நின்றவர். வேலையை விட்ட பிறகும் இருமல் அவரை விடவில்லை. அத்தை கொழுந்துக்குப் போனபின் வீட்டில் தனியாகப் படுத்திருப்பார். நான் பாடத் தொடங்குமுன் சுவரைப் பார்த்து, "மாமா, பாடப்போறேன்" என்பேன். உடனே அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பாடி நிறுத்தியதும் மேலே இடைவெளி வழியாகக் குரல் வரும்.

"டீச்சர் புள்ள, முடிஞ்சிச்சா? இருமிக்கவா?"

நான் "ம்" என்று சொன்னதும் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வரும். மேட்டில் ஸ்டார்ட் ஆகாத லாரி மாதிரி இழுத்து இழுத்து இருமுவார். கேட்கப் பாவமாக இருக்கும். எரிச்சலாகவும் இருக்கும், பொய் சொல்வானேன். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவர் கேள்வியையும் இருமலையும் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் அனுப்புவேன்.

விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில் மாமா போய்விட்டார்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து அத்தை வந்தார். கையில் போன் இருந்தது. அவரைப் பற்றி ஒரு பாட்டுக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அப்போது பாட ஒரு துளித் தெம்பும் இல்லை. எப்படித் தட்டிக்கழிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அத்தை பாட்டுக் கேட்கவில்லை. போனில் மாமாவின் படம்தான் கிடக்கிறது, குரல் ஒன்றுமே இல்லை, உங்கள் மெஷினில் ஏதாவது இருக்குமா என்றார்.

வெட்டாத பதிவுகளைத் தேடினேன். எதைத் திறந்தாலும் என் பாட்டின் கடைசியில் மாமா அதே கேள்வியைக் கேட்டார். அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு லேசாகச் சிரித்தார். "எங்கிட்ட ஒரு நா இப்புடிக் கேட்டதில்லைங்க டீச்சர். ராப்பூரா இருமுவாரு."

இருமல் தொடங்கும் இடத்தில் நிறுத்தப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதையும் போடுங்க. அது கேக்காம எனக்குத் தூக்கமே வரல."

கேள்வியையும் இருமலையும் சேர்த்து அவர் போனுக்கு அனுப்பினேன். அவர் போன பிறகு அழுதேன். அன்று வேறு வேலை ஓடவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை வெயில் அடித்தது. கரண்ட் இருந்தது, தொண்டையும் சரியாக இருந்தது. லயத்தில் ஒரு சத்தமில்லை. அத்தை இன்னும் வேலைக்குப் போகத் தொடங்கவில்லை, தூங்குகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். என் பாட்டை எடுத்தேன். பல்லவி விழுந்தது, முதல் சரணம் விழுந்தது. இத்தனை காலமும் பிடிபடாத மேல் ஸ்தாயிகூடத் தானாக வந்து உட்கார்ந்தது. இன்னும் ஒரே ஒரு வரி பாக்கி. அதற்காக மூச்சை இழுத்தேன்.

"டீச்சர் புள்ள, முடிஞ்சிச்சா? இருமிக்கவா?"

அத்தையின் போன்தான் என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்து அந்த வரியைப் பாடியிருக்கலாம். மாமாவுக்குப் பதில் சொல்லாமல் பாட வாய் வரவில்லை.

"முடியல மாமா," என்றேன். "நீங்க இருமுங்க."