வெட்டு இருந்தால் குடிக்கணும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கம்பவுண்டர் இருந்தானாம். ஊர் மலாயாவில் கோலாலம்பூர் பக்கத்துப் பிரிக்ஃபீல்ட்ஸ், கம்பவுண்டர் நான்தான். மருந்தைக் கலக்குவது எளிது, அதை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லி அனுப்புவதுதான் பெரும்பாடு. என்னோடு இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா?

வெட்டு

எங்கள் டாக்டருக்கு லேபிள் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். வருகிறவர்களோ தண்டவாளம் போடும் கூலிகள். அதனால் குடிக்கிற மருந்தென்றால், புட்டியின் பக்கத்தில் நீளமாக ஒரு காகிதம் ஒட்டி, அதன் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிவிடுவோம். வேளைக்கு ஒரு வெட்டு. கணவர் காளிமுத்துவின் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்த முனியம்மாவிடம் இதை விளக்கினேன். அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது போதும் தம்பி. வெட்டு இருந்தா குடிக்கணும், அவ்வளவுதானே?"

விஷம்

ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி ஒருவருக்குப் பசியில்லை. டாக்டர் டானிக் எழுதினார். அதில் சில சொட்டு விடவேண்டிய சரக்கு, விஷம் என்று இங்கிலீஷில் எழுதிய புட்டியில் இருந்தது. கிராணி எட்டிப் பார்த்து வாசித்துவிட்டார். அளவோடு விட்டால் மருந்துதான் என்றேன். என் குரல் எப்போதும் எனக்கே சரியாகக் கேட்காது. கலக்கிய மருந்தை என் பக்கமே தள்ளிவிட்டு எழுந்தார்.

"நாலெழுத்து படிச்சவன்கிட்ட இதெல்லாம் நடக்காது. வாசிக்கத் தெரியாதவன் வருவான், அவனுக்கு ஊத்து."

வாசிப்பு

காளிமுத்துவுக்குக் காய்ச்சல் விட்டு முட்டிவலி பிடித்துக்கொண்டது. புட்டியை அவரவரே கொண்டுவர வேண்டிய காலம். முனியம்மா பழைய புட்டியைக் கழுவி, பக்கத்து வீட்டுச் சங்கிலியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வெட்டுக் காகிதம் கழுவியும் போகவில்லை. பூசுகிற தைலத்தை ஊற்றி, விஷம், குடிக்கக் கூடாது என்ற சிவப்பு இங்கிலீஷ் லேபிளை ஒட்டி, வாயாலும் சொல்லி அனுப்பினேன். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று சங்கிலி புட்டியை வாசலில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் காளிமுத்து போய்விட்டார்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வாசிக்கத் தெரியுமா என்று துரை கேட்டதைத் துபாஷி தமிழில் கேட்டார். முனியம்மா தலை நிமிர்ந்தார்.

"தெரியும்யா. படிச்சுப் பாத்துத்தான் குடுத்தேன்."

துபாஷி அதை என்னவென்று சொன்னாரோ, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பதிவாயிற்று. கைநாட்டு வைத்துவிட்டு, மை அப்பிய விரலைத் துடைக்காமலே அவர் வெளியே நடந்து போனார்.

அடுத்த வாரமே எங்கள் டாக்டர் அந்தச் சிவப்பு லேபிளை இன்னும் பெரிய எழுத்தில் அச்சடித்து வரவழைத்தார், இங்கிலீஷிலேயே.