அல்தோனா சித்தியின் கல்யாண கேக்

அல்தோனா சித்தி பதினான்கு வருடமாக அயர்லாந்தில் காளான் பறிக்கிறாள். எங்கள் ஊர் கௌனாஸுக்கும் டப்ளினுக்கும் இதுவரை முப்பத்தொரு தடவை மலிவு விமானத்தில் பறந்திருக்கிறாள். அதற்கென்றே ஒரு கோட்டு வைத்திருக்கிறாள். அதன் உட்புறம் எட்டுப் பைகள், எல்லாம் அவளே தைத்தவை. ஒன்றில் கறுப்பு ரொட்டி, ஒன்றில் புகையூட்டிய பன்றிக்கொழுப்பு, இரண்டில் செருப்பு. ஜூலை வெயிலிலும் அதை மாட்டிக்கொண்டு வியர்வை வழிய நிற்பாள்.

"மேல போட்டிருக்கறது மூட்டையில சேராதுடி உக்னே. அதுதான் அவங்க சட்டம்" என்பாள் என்னிடம்.

வியர்வையும் கொழுப்பும் கலந்த அந்த வாடை எனக்குக் குமட்டும்.

பள்ளிப் படிப்பு முடிந்து, இந்த ஜூலையில் நானும் அவளோடு கிளம்பினேன். முதலில் அங்கே அவள் மகள் ருகிலேயின் கல்யாணம், பிறகு எனக்கும் அதே காளான் கொட்டகை. சித்தி கையில் கல்யாண கேக் இருந்தது. நெருப்பின் முன் சுழலும் உருளையில் மாவை ஊற்றி ஊற்றிச் சுட்டது. கிளை கிளையாக நீட்டிக்கொண்டு, நடுவில் ஓட்டையோடு அரை ஆள் உயரம். பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் கிளையை ஒடிக்கும்வரை அது முழுசாக நிற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

விமானம் ஏறும் வரிசையில் சேரும்போதே சித்தி சொன்னாள்: "நீ மூணு பேர் தள்ளி நில்லு. என்னைத் தெரியாத மாதிரி இரு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோட்டின் பக்கத்தில் நிற்காமல் தப்பித்தோம் என்றிருந்தது. என் பையும், கைப்பை அடங்குகிறதா என்று விமானக் கம்பெனி சோதிக்கும் அளவுப் பெட்டியைவிட நாலு விரல் பெரியது.

வாசலில் இருந்த விமானக் கம்பெனி இளைஞன் கேக்கைப் பார்த்தான். "அம்மா, அதைப் பெட்டிக்குள்ள வைங்க. போகலன்னா எழுபது யூரோ."

"எழுபதா? என் டிக்கெட்டே பத்தொம்பதுதான் தம்பி! இது பையா? நீ கல்யாண கேக்கையே பாத்ததில்லையா?"

"பெட்டிக்குள்ள வைங்கம்மா."

சித்தி காகிதத்தைப் பிரித்தாள். கேக்கின் ஓட்டைக்குள் கையை விட்டு, வளையல் போல முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டாள். "இப்ப பாரு, போட்டிருக்கேன்."

வரிசை கொல்லென்று சிரித்தது. "அக்கா, அடுத்த தடவை தொப்பிக்கும் ஒண்ணு சுட்டுடுங்க!" என்றான் ஒருவன்.

அந்த இளைஞனும் சிரித்தான். "அழகாத்தான் இருக்கு. கழட்டி உள்ள வைங்க."

சித்தி விடவில்லை. உனக்குக் கல்யாணம் ஆச்சா, உங்க அம்மா எந்த ஊர் என்று கத்திக் கத்திக் கேட்டாள். டிக்கெட் பார்க்கும் பெண் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தபடியே என் சீட்டைக் கருவியில் தேய்த்து அனுப்பினாள். என் பையை அவள் பார்க்கவே இல்லை.

பின்னால் மடமடவென்று சத்தம் கேட்டது. திரும்பினேன். சித்தி கேக்கை இரண்டு கையாலும் பெட்டிக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள். மேல் பாகம் அப்படியே முறிந்து சாய்ந்தது.

"இப்ப சரி. பயணம் நல்லா அமையட்டும்" என்றான் அவன்.

விமானம் இன்னும் வந்திருக்கவில்லை. காற்றில்லாத மாடிப்படியில் முக்கால் மணி நேரம் எங்களை அடைத்து வைத்தார்கள். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. யாரும் துடைக்க வரவில்லை, எல்லாரும் காலை மட்டும் நகர்த்திக்கொண்டார்கள்.

"எழுபதைக் கட்டியிருக்கலாமே சித்தி?"

"உன் பை தப்பிச்சுதில்ல?"

"தப்பிச்சுது."

"அப்புறம் என்ன? ஒருத்தி கூத்தடிச்சாத்தான் இன்னொருத்தி நழுவ முடியும். கேக்கும் முழுசா தப்பிச்சுடும்னுதான் நெனச்சேன். தப்பிக்கல."

வழியெல்லாம் விமானத்துக்குள் சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டு விற்றார்கள். டப்ளினில் சக்கரம் தரையைத் தொட்டதும், எங்கள் ஆட்கள் எப்போதும் போலக் கை தட்டினார்கள். சித்தியும் தட்டினாள், விரலிடுக்கிலிருந்து கேக் தூள் உதிர்ந்தது.

"யாருக்குத் தட்டற நீ?"

"ஓட்டினவனுக்குடி. அவன் என்ன பாவம் பண்ணினான்?"

நான் தட்டவில்லை.

கல்யாணத்தில், பல்குச்சி செருகி வெள்ளை ரிப்பன் சுற்றிய கேக் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"ஏம்மா கோணலா இருக்கு?" என்றாள் ருகிலே.

"மேல காத்து ஜாஸ்திடி" என்றாள் சித்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கும் ஒரு கிளை கொடுத்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. என் பையில் இருந்தவை ஒரு ஜோடி பூட்ஸும் தலைமுடி உலர்த்தும் கருவியும். இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.