இரண்டு கழித் தூரம்

சுவரை அவர் கடைசியாகத்தான் பார்ப்பார். எந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனாலும், என் அப்பாவின் அண்ணன் முதலில் அண்ணாந்தபடி வீட்டைச் சுற்றி வருவார். மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, மரக்கிளைக்குள் மறைந்து எங்கே வெளியே வருகிறது என்று விரலால் காற்றில் கோடு இழுப்பார். பிறகு, ஏணியைவிட நீளமான தன் மூங்கில் கழியைத் தரையில் கிடத்தி, கம்பிக்கு நேர் கீழிருந்து இரண்டு கழி அளந்து சுண்ணாம்பால் கோடு போடுவார். மேலே மின்சாரம் ஓடும்வரை கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏணி போகாது.

மற்ற பெயின்டர்கள் அவருக்கு 'அண்ணாந்தான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "என்ன அண்ணாந்தான், மழை வருமா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "வந்தா முதல் துளி உன் மண்டையிலதான்" என்பார். சிரிக்க மாட்டார். கழுத்து வலிக்கென்று சட்டைப் பையில் எப்போதும் ஒரு தைலப் புட்டி இருக்கும்.

எல்லோரும் அலுமினிய ஏணிக்கு மாறிவிட்டார்கள். அவருடையது மர ஏணி, பிணக் கனம். "மரமும் ஈரமா இருந்தா கரண்ட இழுக்கும். இது என்னைக் காப்பாத்தும்னு வெச்சிருக்கல. கனமா இருந்தா நிக்க வெச்சபடியே நகர்த்தத் தோணாது பாரு, அதுக்குத்தான்."

பெயின்டர்களுக்கே உரிய தவறு அது. ஒரு சுவர் முடிந்ததும் ஏணியைப் படுக்கப்போட்டுத் தூக்கிப்போய் மறுபடி நிமிர்த்த வேண்டும். அலுப்பில் நின்றவாக்கிலேயே நகர்த்துவார்கள். ஒன்பது வருடம் முன்பு அப்பாவும் பெரியப்பாவும் அப்படித்தான் நகர்த்தினார்கள். "கம்பிமேல கறுப்பு உறை இருக்குப்பா, ஒண்ணும் ஆகாது" என்று அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமே போட்ட உறை, அதுவும் வெடித்துப் போயிருந்தது. கழன்ற செருப்பை மாட்டப் பெரியப்பா ஒரு கணம் கையை எடுத்தார். ஏணி கம்பியில் பட்டபோது அப்பா மட்டும் பிடித்திருந்தார்.

இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று மின்சார அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சத்தமாக வாசித்தேன். அந்த வரிக்கு முன்னால் நிறுத்தியிருக்கலாமோ என்று பட்டம் வாங்கிய பிறகும் யோசிக்கிறேன். "இன்னொரு தடவை படி" என்றார் பெரியப்பா. படித்தேன்.

போன வாரம் ஒரு மாடி வீடு. பால்கனியை வெளியே இழுத்துக் கட்டியதில் கம்பி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. வேலை முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தித் தரச் சொல்லி அதே மின்சார அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். 'பணிவுடன்' என்று இரண்டு இடத்தில் எழுதினேன். எதற்கு என்று தெரியவில்லை. மூன்று நாளாகியும் பதில் இல்லை.

"நிறுத்தாம அந்தப் பக்கச் சுவரைத் தொட மாட்டேங்க" என்றார் பெரியப்பா.

"திங்கக்கிழமை குடி வர்றாங்கய்யா. உனக்காக ஊரே இருட்டுல கிடக்கணுமா? பயமா இருந்தா வீட்ல உக்காரு" என்றார் வீட்டுக்காரர்.

இந்த வருடத்தில் இப்படிப் போன நான்காவது வேலை.

அவருடைய சாமான்களை ஏற்றிவர நானும் போயிருந்தேன். அதற்குள் வேறொரு பெயின்டர் வந்திருந்தார். பளபளக்கும் ஏணியை நிமிர்த்தியபடியே தூக்கிக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டை நோக்கி நடந்தார். பெரியப்பா டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினார். பாதி வழியில் ஒரு செருப்பு கழன்றது. கோட்டுக்கு இந்தப் பக்கமே ஏணியை மறித்துப் பிடித்தார்.

"சாய்ப்பா. மெதுவா. வாசல் பக்கமா."

"விடுங்கண்ணே. வேலைய விட்டு அனுப்பின பிறகும் என்ன அதிகாரம்? சம்பளமா தரப்போறாங்க?"

"இல்லதான். நீ சாய்."

ஏணி சாய்ந்து தரையில் படுத்தது.

"போதும்ணே, கீழதானே கிடக்கு. செருப்பைப் போய் மாட்டுங்க."

பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏணியின் கடைசிப் படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.