தாழ்ப்பாள் உள்பக்கம்

கலியபெருமாள் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி சரஸ்வதி போனில் சொன்னபோது, நான் தஞ்சாவூரில் எங்கள் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன். மன்னார்குடி பஸ்ஸுக்காக நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். பக்கத்து அறையில் இருந்த சக ஊழியர்களிடம் போய்ச் சொன்னேன். "மறுபடி குடிச்சிட்டாரா?" என்று கேட்டார்கள். மாலைக்குள் இன்னும் பலர் அதையே கேட்டார்கள். இல்லை, மாரடைப்பு என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனது. குடியை விட்டுப் பல வருடங்களான மனிதருக்குச் செத்த பிறகும் இந்தச் சந்தேகம் தீரவில்லை. இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கிற, அவரை அறிந்த உங்களிடமாவது இதை விளக்க வேண்டியதில்லை.

பஸ் கண்டக்டராக இருந்து, குடியால் வேலையை இழந்தவர். அண்ணன்மார் கொண்டுபோய்ச் சேர்த்த போதை மறுவாழ்வு மையத்தில் அடியும் பூட்டிய அறையும்தான் வைத்தியம். பிற்பாடு எங்கள் மருத்துவமனையில் தேறி, பாபநாசத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். சிகிச்சை முடிந்தும் நேரே ஊருக்குப் போகப் பயப்படுகிறவர்கள், சில மாதம் குடிக்காமல் சேர்ந்திருந்து பழகிக்கொள்ளும் வீடு அது. நான் மருத்துவமனையின் சமூகப் பணியாளர். எங்களிடமிருந்து போகிறவர்கள் தங்கும் இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் என்று ஒன்று வேண்டாமா என்று இருவருமாகச் சுற்றத் தொடங்கினோம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஓர் இல்லம். உரிமையாளர் புது மெத்தைகளையும் டிவியையும் காட்டினார். மீன் குழம்போடு சாப்பாடு போட்டார். கலியபெருமாள் சாப்பிட்டுவிட்டு எழுந்து அறைக் கதவுகளைப் பார்த்தார். தாழ்ப்பாள்கள் எல்லாம் வெளிப்பக்கம் இருந்தன. "கொஞ்சம் உள்ள போங்க சார்" என்று உரிமையாளரை அனுப்பிவிட்டு வெளியே தாழ் போட்டார். அந்த மனிதர் முதலில் சிரித்தார், பிறகு தட்டினார், பிறகு பலமாகத் தட்டினார். கதவைத் திறந்துவிட்டு, "தாழ்ப்பாள உள்பக்கம் மாத்திடுங்க சார்" என்றார் கலியபெருமாள், தணிந்த குரலில்.

இல்ல உரிமையாளர்களைத் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டிவைத்துப் பேசினோம். அடிக்கக் கூடாது, பூட்டக் கூடாது, வீட்டாரோடு போனில் பேச விட வேண்டும், குடித்துவிட்டு வந்தால் தெருவில் விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவுக்கே மதியம் தாண்டிவிட்டது. பூட்டச் சொல்வதே குடும்பத்தார்தான் என்றார்கள். அதில் பொய்யில்லை. சிலர் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டவர்களிலும் பலர் அடுத்த அறுவடைக்குள் கழன்றுகொண்டார்கள். "அலுப்பாத்தான் இருக்கு மேடம். அலுப்பு தீர்ந்த பெறகு போகலாம்னா, எப்பவும் போக முடியாது" என்றார் கலியபெருமாள், அடுத்த இல்லத்துக்குக் கிளம்பும்போது.

பிறகுதான் முருகேசன் விஷயம் நடந்தது. கடற்கரைக் கிராமத்துக்காரர், படகில் போகிறவர். பாபநாசம் வீட்டில் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவர் ஒருநாள் வெளியே போய்க் குடித்துவிட்டுத் திரும்பினார். கலியபெருமாள் ஊரில் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மற்றவர்கள் கெட்டுப்போவார்களே என்ற பயத்தில் கதவைத் திறக்கவில்லை. தட்டிப் பார்த்துவிட்டுப் போன முருகேசன், வாய்க்கால் கரையில் வலிப்பு வந்து விழுந்து கிடந்தார். எங்கள் வார்டுக்கு வந்தும் பிழைக்கவில்லை.

யாரும் புகார் கொடுக்கவில்லை. கலியபெருமாளே, மருத்துவமனையில் இந்த இல்லங்களைக் கவனித்துவந்த எங்கள் குழுவிடம் வந்து, "நாம போட்ட விதிய என் வீடே மீறிருச்சு. மூடச் சொல்லுங்க" என்றார். ஆளை மாற்றினால் போதும் என்று எல்லோரும் சொன்னோம். வேறு வீடாக இருந்தால் இப்படிச் சொல்வோமா என்று கேட்டார். தங்கியிருந்தவர்களை வேறு இடங்களில் சேர்த்துவிட்டு வீட்டை மூடினார். வெளியாட்கள் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, மாதக்கணக்கில், திறக்கவில்லை.

முருகேசன் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் கலியபெருமாள் முருகேசனின் மனைவியிடம் சொன்னார். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கதவத் தொறந்திருந்தா உள்ள வந்து படுத்திருப்பாங்கதானே?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம்மா" என்றார் கலியபெருமாள். பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார்: "அந்தம்மா திட்டல மேடம். திட்டியிருந்தா தேவலை. வெளிய போறதுக்குக் கதவு தொறக்குதான்னு பார்த்தேனே ஒழிய, திரும்பி வர்றவனுக்குத் தொறக்குதான்னு பார்க்கலையே."

அதன்பிறகு எந்த இல்லத்துக்குப் போனாலும் உரிமையாளரைக் கேட்பதற்கு முன், அங்கே தங்கியிருப்பவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "வெளிய போயி குடிச்சிட்டு வந்துட்டீங்கன்னு வைங்க, உள்ள விடுவாங்களா?" என்று கேட்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு கேள்விதான். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. வருமென்றும் தோன்றவில்லை. அவர் போன பிறகும் வேறொரு ஊரில் வேறொரு இல்லத்தில் கேட்டேன். கேட்கப்பட்டவர் தலையைத் திருப்பி, வாசலில் நின்ற உரிமையாளரின் முகத்தைப் பார்த்தார். அவர் வாயாலேயே பதில் வரட்டும் என்று நான் எழுந்துகொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.