வயிற்றில் ஊற்றிய சர்க்கரைத் தண்ணீர்

போன வாரம் விழுப்புரம் ஆஸ்பத்திரியில், ஒரு பாட்டிலில் கொஞ்சம் மூத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கை தட்டினேன். சிரிக்காதீர்கள். அதற்காகத்தான் குடும்பத்தோடு காத்துக் கிடந்தோம்.

என் தங்கை புருஷனை, திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் மூத்திரம் நின்றுபோயிற்று. முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கியது.

"சிறுநீரகம் அடிபட்டிருக்கு. தானா சரியாகலாம். அதுவரைக்கும் ஆள் தாங்கணும்" என்றார் டாக்டர்.

தாங்க வைக்க ஒரு வழியும் சொன்னார். வெளிநாட்டில் யாரோ செய்து பார்த்ததாம். வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு, ரப்பர் குழாய் வழியாக உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஊற்றுவது... கொஞ்ச நேரம் ஊறவிட்டு வடிப்பது. உடம்பின் கழிவு அதோடு வந்துவிடுமாம். சர்க்கரை கூடினால் வீக்கமும் சீக்கிரம் வடியுமாம். அது வயிறா, அண்டாவா?

ஆனால் வடிந்தது! மாப்பிள்ளை கண் திறந்தார். கேப்பைக் கூழ் கேட்டார். தங்கை டாக்டரை வழிமறித்தாள்.

"டாக்டரய்யா, இன்னும் கெட்டியா ஊத்துங்க. வீக்கம் வடிஞ்சிக்கினே வருதுங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்!"

டாக்டர் யோசித்தார். சர்க்கரையைக் கூட்டி ஊற்றினார்.

வீக்கம் நன்றாகவே குறைந்தது. பிறகு வயிற்றுவலி. வடிந்த தண்ணீர் கலங்கலாக வந்தது. வயிறு இறுகிப்போய்க் காய்ச்சல் கொதித்தது. அந்தக் காய்ச்சலுக்கு நடுவேதான், நான் கை தட்டிய மூத்திரம் வந்தது. சிறுநீரகம் பிழைத்துவிட்டது. மறுநாள் மாப்பிள்ளை போய்விட்டார்.

டாக்டரை வராந்தாவில் பிடித்துக்கொண்டேன். "உள்ள என்னதான் ஆச்சு?"

"வயித்துக்குள்ள சுத்தியும் ஒரு மெல்லிசு உறை இருக்கு சார். மேலாக ஒரே வரிசை செல்லு, பால் ஆடை மாதிரி. கழிவு அது வழியாத்தான் தண்ணிக்கு வரணும். கெட்டிச் சர்க்கரை பட்டு அந்த செல்லுங்க சுருங்கி உதிர்ந்திருக்கும்போல. உரிஞ்ச இடத்துல கிருமி பத்திக்கிச்சு."

"போலவா? தெரியாமலா ஊத்தினீங்க?"

"வீக்கம் வடியறது கண்ணுக்குத் தெரிஞ்சிது. உறை உரியறது தெரியல சார்."

நமக்கெல்லாம் இதே வியாதிதானே? வெளியே வடிவது தெரிந்தால் போதும் - உள்ளே என்ன உரிகிறது என்று யார் கேட்கிறோம்? இருந்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மனிதரை, பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் கிழித்துத் தொங்கவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போது தங்கை வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"டாக்டரய்யா... நான் ஊத்தச் சொன்னனே, அதாலதான் போய்ட்டாரா?"

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ சொன்னா நான் ஊத்திடுவனாம்மா? சர்க்கரையைக் கூட்டவே இல்ல. பழைய தண்ணியேதான். அவரைக் கொண்டுபோனது பாம்பு விஷம்."

"அப்படிங்களா..." என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவர் செய்த வைத்தியத்தை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பொய்க்காக அவர் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

திண்டிவனத்து வாசகர்களே, என் தங்கைக்குப் படிக்கத் தெரியாது... இந்த வாரத்துப் பத்தியை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.