கதவை யாரும் அளக்கவில்லை

பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவில் அவளுக்கு ஃபைல் அக்கா என்று பெயர். அங்கேயே தச்சராக இருந்த கணவர்கூடக் கிண்டலாக அப்படித்தான் கூப்பிடுவார். ஐந்து துறைகளுக்கும் பொதுவாக ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கும் ஃபைலை மூன்று வருடமாக அவள் சுமந்தாள். இயற்பியல்காரர் கையெழுத்துப் போட்டால் வேதியியல்காரர் ஒரு திருத்தம் சொல்வார். திருத்திக்கொண்டு போனால், "மறுபடி படிச்சுப் பார்க்கணுமே" என்று இயற்பியல்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்.

ஒருவழியாக வியாழக்கிழமை லாரி வந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே ஆறு இரும்பு அலமாரிகள். முதல் அலமாரி அறை வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. நாலு விரற்கடை இடம் போதவில்லை.

"நான் தரையின் பலத்தைத்தான் பார்த்தேன்" என்றார் இயற்பியல்காரர்.

"எனக்குக் கொடுத்தது மின்சாரம்" என்றார் வேதியியல்காரர்.

குளிரூட்டலுக்கு ஒரு துறை, கூரைக்கு ஒரு துறை என்று எல்லாவற்றையும் பங்கு போட்டவர்கள் கதவை யாருக்கும் கொடுக்கவில்லை.

"சாய்ச்சு உள்ள தள்ளலாமா?" என்று ஃபைல் அக்கா கேட்டாள்.

"சாய்ச்சா உத்தரவாதம் போயிடும் மேடம்" என்றார் லாரிக்காரர். "அஞ்சு மணிக்குள்ள இறக்கலேன்னா திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. மறுபடி வர எட்டு மாசம் ஆகும்."

எட்டு மாதம்! வாரம் தவறாமல் வந்து, "மிஷின் எப்ப வரும் அக்கா?" என்று கேட்கும் வானிலை ஆய்வு மாணவிகள் மூவரும் அதற்குள் படிப்பு முடிந்து போயிருப்பார்கள்.

"கதவு நிலையைப் பெயர்த்தா போச்சு" என்றாள்.

"கட்டடத்தை மாத்தணும்னா குழு அனுமதி வேணுமே" என்றார் வேதியியல்காரர். "ஒரு குறிப்பு எழுதுங்க, அடுத்த மாசக் கூட்டத்துல வைப்போம்."

"எழுதறேன் சார். உங்க பேரன் வந்து கையெழுத்துப் போடட்டும்."

சொன்ன கையோடு அவளுக்கு ஒன்று உறைத்தது. மாற்றத்துக்குத்தான் குழு. பழுதுக்கு அவள் கையெழுத்தே போதும். கதவைப் பிடித்து இழுத்து அறைந்தாள். மறுபடி அறைந்தாள். மூன்றாவது அறையில் மேல் கீல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"ஐயையோ, என்னம்மா இது!" என்று பதறினார் வேதியியல்காரர்.

"பழுது சார்" என்றவள் போனை எடுத்தாள். "என்னங்க, உளி, கடப்பாரையோட ஓடி வாங்க."

வந்த கணவர் தொங்கிய கதவைப் பார்த்தார். "யாரு உடைச்சது, ஃபைல் அக்கா?"

"மூணு வருஷம் உடைச்சது. பேசாம நிலையை எடுங்க."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆறாவது அலமாரியும் உள்ளே போனது. மாணவிகளுக்குச் சொல்லிவிடலாம் என்று போனைத் தேடினாள்.

"இனி பெரிய கதவாத்தான் போடணும்" என்றார் கணவர், நெற்றியைத் துடைத்தபடி. "புதுசா வாங்கணும்."

"கண்ணாடிக் கதவு நல்லாயிருக்கும்" என்றார் வேதியியல்காரர்.

"இரும்புதான் பாதுகாப்பு" என்றார் இயற்பியல்காரர். "பொது அறை ஆச்சே, அஞ்சு துறையையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்கம்மா."

ஃபைல் அக்கா காலி அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அதுவும் உள்வாங்கியது.